நிலப் பாதுகாப்பா? வரிப் பாதுகாப்பா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தை வீட்டு மனைகளாகவும், ஓட்டல்களாகவும், கடைத் தெருக்களாகவும் ஆக்கிவிடாமல், வயலாகவும் காடாகவும் புல்வெளியாகவும் என்றென்றைக்கும் அப்படியே விட்டு வைப்பதாக எழுதிக் கொடுத்தால், அதற்காக அந்நாட்டுச் சர்க்கார் அவர்களுக்கு வருமான வரியில் சலுகை கொடுத்து வருகிறது. இந்தச் சலுகையால்தான் நாட்டில் காடும் கழனியும் மிஞ்சியிருக்கின்றன என்று ஒரு சாராரும், இந்தச் சலுகையின் பெயரால் பணக்காரர்கள் சர்க்கார் பொக்கிஷத்தைக் கொள்ளையடித்து விட்டார்கள் என்று மற்றொரு சாராரும் அங்கு பல வருஷங்களாக வாதாடி வருகிறார்கள். இரு சாரார் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எந்த உண்மை எவ்வளவு என்பதை அளந்து பார்க்க வேண்டியது அறிவுடையவர்கள் கடமையாகும்.

அமெரிக்காக்காரன் வரி கட்டினால் நமக்கென்ன, கட்டாவிட்டால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். ஒருவன் "நான் தர்மம் செய்தேன்" என்று சொல்லும்போது, "அந்தத் தர்மத்துக்குப் பணம் யாருடையது?" என்று கேட்கத் தெரிந்து கொள்வது எந்த நாட்டு மனிதனுக்கும் வேண்டிய அறிவாகும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவன் கதை நம் நாட்டில் பிறந்ததானாலும், அந்தக் காரியம் எல்லா நாட்டிலும் நடக்கின்றது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்த ஏற்பாடு இன்னதென்று விளங்கிக் கொள்ளுவோம். நிலத்தின் பேரில் சொந்தக்காரனுக்கு ஒரே ஒரு உரிமை இருப்பதாக நாம் நினைக்கிறோம். ஆனால் உழும் உரிமை, மரம் வெட்டும் உரிமை, கட்டிடம் கட்டும் உரிமை, மனையாகப் பிரித்து விற்கும் உரிமை என்பதாகப் பல உரிமைகள் சேர்ந்த கட்டுக்குத்தான் நிலம் என்று பெயர். அந்தக் கட்டிலிருந்து கட்டிடம் கட்டும் உரிமையையும் மனை பிரிக்கும் உரிமையையும் மட்டும் உருவியெடுத்து, ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கோ அல்லது சர்க்காருக்கோ சாசனமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நிலம் சொந்தக்காரனிடமே இருக்கும். அவன் உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அவனோ, வாங்கியவனோ, பிள்ளையோ, பேரனோ, எவனும் எக்காலத்திலும் அதில் மனை பிரிக்கக் கூடாது.

இப்படி எழுதிக் கொடுப்பதைத் தர்மக் கொடையாகக் கருதலாம் என்று 1964-இல் வரி இலாகா ஒரு உத்தரவு போட்டது. 1976-இல் அது சட்டத்தில் ஏறி, 1980-இல் நிரந்தரமாயிற்று. கொடையின் மதிப்பு என்னவென்று கணக்கிடும் வழி சுலபமானது. சாசனம் எழுதுமுன் நிலத்தின் விலை என்ன, எழுதிய பின் விலை என்ன என்று இரண்டையும் போட்டுக் கழித்தால் வருவதே கொடையின் மதிப்பு. அந்தத் தொகையைச் சொந்தக்காரர் தமது வருமானத்திலிருந்து கழித்துக் கொண்டு மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 2006-இல் இன்னும் தாராளம் காட்டப்பட்டது. வருமானத்தில் பாதி வரையில் கழித்துக் கொள்ளலாம் என்றும், விவசாயமே பிழைப்பாயுள்ளவர்கள் வருமானம் முழுவதையும் கழித்துக் கொள்ளலாம் என்றும், அந்த வருஷம் கழித்தது போக மிச்சத்தை மேற்கொண்டு 15 வருஷம் வரையில் கழித்துக் கொண்டு போகலாம் என்றும் செய்யப்பட்டது. 2015-இல் இதுவும் நிரந்தரமாக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நகரம் வளர வளரப் பக்கத்துக் கிராமத்து வயலின் விலை ஏறுகிறது. விலை ஏறினால் சொத்து வரி ஏறுகிறது. விளைச்சலோ ஏறுவதில்லை. கடைசியில் குடியானவன் வரி கட்டவே வயலை விற்கிறான். இந்த அநியாயத்தைத் தடுக்க மேரிலாந்து மாகாணம் 1956-லேயே, வயலுக்கு வயல் விலைப்படிதான் வரி, மனை விலைப்படி அல்ல என்று சட்டம் செய்தது. மற்ற மாகாணங்கள் பின்பற்றின. பாதுகாப்புச் சங்கங்கள் காத்து வைத்திருக்கும் நிலம், சாசனத்தாலும் கிரயத்தாலும் மற்ற வழிகளாலும் சேர்ந்து, 2020-இல் 6 கோடியே 10 லட்சம் ஏக்கர் என்று அச்சங்கங்களின் கணக்கு சொல்லுகிறது. இவற்றில் ஆற்றங்கரைகளும் காடுகளும் குடியானவர் வயல்களும் இருக்கின்றன. எத்தனையோ யோக்கியமான குடும்பங்கள் கை நிறையப் பணம் கிடைக்கக் கூடியதை வேண்டாமென்று தள்ளிவிட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றன. அவர்களை நாம் குறை சொல்லவில்லை.

நிற்க, சலுகை யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைப் பார்ப்போம். உதாரணமாக, இரண்டு பேரிடம் ஒரே மாதிரி நூறு ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக் கொள்ளுவோம். மனை விலைக்கு 10 லட்சம் டாலர், வயல் விலைக்கு 2 லட்சம் டாலர். இருவரும் சாசனம் எழுதிக் கொடுக்கிறார்கள். இருவர் கொடையும் 8 லட்சம் டாலர். ஒருவர் வருஷம் 20 லட்சம் டாலர் வருமானமுள்ள பிரபு. அவருக்கு முதல் வருஷத்திலேயே, இன்றைய சட்டப்படி, சுமார் 2¾ லட்சம் டாலர் வரி மிச்சமாகிறது. மற்றவர் வருஷம் 3 ஆயிரம் டாலர் வரி கட்டும் குடியானவர். அவருக்கு வரி முழுவதையும் தள்ளிவிட்டாலும், 16 வருஷம் சேர்ந்து அதிகம் போனால் 48 ஆயிரம் டாலர்தான் மிச்சம். வருமானம் இன்னும் குறைந்து வரியே கட்டாதவராயிருந்தாலோ, கிடைப்பது பூஜ்யம்.

நிலம் ஒன்று. சாசனம் ஒன்று. நாட்டுக்குக் கிடைக்கும் நன்மையும் ஒன்று. கூலி மட்டும் ஒருவருக்கு 2¾ லட்சம், ஒருவருக்கு 48 ஆயிரம், ஒருவருக்குச் சுழி! எவனுக்குப் பணம் அதிகமோ அவன் செய்யும் தர்மத்துக்கு விலை அதிகம் என்றால், இது நிலத்துக்குக் கொடுக்கும் மரியாதையா, அல்லது நிலத்துக்காரன் பணப்பெட்டிக்குக் கொடுக்கும் மரியாதையா என்று கேட்கிறோம்.

அதோடு நில்லாமல், எழுதிக் கொடுக்கவே முடியாதவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். 1920-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் கறுப்பு ஜாதி விவசாயிகள் 9 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களிடம் மிஞ்சியுள்ள நிலத்திலும் பெரும் பகுதி, பாட்டன் உயில் எழுதாமல் இறந்து, பேரன் பேத்திகள் பத்துப் பேர் இருபது பேருக்குப் பிரிக்கப்படாத பொதுச் சொத்தாகக் கிடக்கிறது. வக்கீலையும் கோர்ட்டையும் நம்ப முடியாத காலத்தில் வாழ்ந்தவர்கள் உயில் எழுதி வைக்காதது ஆச்சரியமல்ல. பட்டயம் தெளிவில்லாத நிலத்துக்குச் சாசனம் எழுத முடியாது. சாசனம் இல்லாவிட்டால் சலுகை இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலத்தை விற்காமல் உண்மையாகவே காப்பாற்றியவன் வெறுங்கையோடு நிற்கிறான்.

சரி, இது சட்டத்தின் ஓரவஞ்சனை என்று வைத்துக் கொள்ளுவோம். சட்டத்தை வைத்து நடத்திய புரட்டையும் கேளுங்கள்.

கொடையின் மதிப்பை யார் சொல்லுகிறார்கள்? சொந்தக்காரர் கூலி கொடுத்து அமர்த்திய மதிப்பீட்டுக்காரர் சொல்லுகிறார். இந்த ஓட்டையைக் கண்டுகொண்ட சில புத்திசாலிகள் இதை ஒரு வியாபாரமாகவே ஆக்கிவிட்டார்கள். எங்கோ மூலையில் மலிவான நிலத்தை வாங்குவது. ஒரு கூட்டு வியாபாரம் ஆரம்பித்துப் பணக்காரர்களைப் பங்குதாரராகச் சேர்ப்பது. சில மாதங்களுக்குள் மதிப்பீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்த நிலத்தில் உல்லாச விடுதி கட்டியிருந்தால், கல் சுரங்கம் வெட்டியிருந்தால், இவ்வளவு பெறும்" என்று வாங்கிய விலையைப் போல் பல மடங்கு எழுத வைப்பது. பிறகு அதில் எதையும் கட்டப் போவதில்லை என்று சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பொய் மதிப்பைப் பங்குதாரர்கள் தங்கள் வருமானத்தில் கழித்துக் கொள்வது. பங்குதாரரில் பலர் அந்த நிலத்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நூறு டாலர் போட்டவனுக்கு நானூறு, ஐந்நூறு டாலர் கழிவு என்றால், சுமார் நூற்றுக்கு 40 வரி கட்ட வேண்டியவனுக்கு 160 முதல் 200 டாலர் வரை வரி மிச்சம். நூறு போட்டு இருநூறு எடுத்தவனுக்குப் பெயர் தர்மப் பிரபு! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதற்காகவே ஏற்பட்ட பழமொழி போலும்.

2016-ஆம் வருஷம் டிசம்பரில் வரி இலாகா விழித்துக் கொண்டு, போட்ட பணத்துக்கு இரண்டரை மடங்கும் அதற்கு மேலும் கழிவு தருவதாக ஆசை காட்டும் ஏற்பாடுகளையெல்லாம் தன்னிடம் தெரியப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. அது ஏன் இரண்டரை மடங்கு? நூற்றுக்கு 40 வரியில் இரண்டரை மடங்கு கழித்தால், போட்ட நூறும் அப்படியே திரும்பி வந்துவிடும். அதாவது அந்த எல்லையில் கொடுத்தவன் கொடுத்தது ஒன்றுமில்லை, முழுவதும் சர்க்கார் கொடுத்தது என்று அர்த்தம். 2020-இல் செனட் சபையின் நிதிக் கமிட்டித் தலைவரும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த மூத்த அங்கத்தினரும் ஒன்று சேர்ந்து விசாரணை அறிக்கை வெளியிட்டார்கள். 2010 முதல் 2017 வரையில் இந்த வழியில் கழிக்கப்பட்ட தொகை 2,000 கோடி டாலருக்கு மேல் என்று வெளிப்பட்டது. 2022 டிசம்பரில்தான், இம்மாதிரிக் கூட்டு வியாபாரங்களுக்கு, சில விலக்குகள் போக, போட்ட பணத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவே கிடையாது என்று சட்டம் வந்தது. 2023-இல் அட்லாண்டா நகரத்து ஜூரிகள், 130 கோடி டாலர் பொய்க் கழிவு விற்ற இரண்டு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தார்கள். 2024 ஜனவரியில் ஒருவருக்கு 25 வருஷமும், மற்றவருக்கு 23 வருஷமும் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

தண்டனை சரிதான். ஆனால் இலாகா கண்டு பிடித்ததற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே ஆறு வருஷம் ஓடிற்று. ஒரு ஏழை கூலியில் சில டாலர் மறைத்தால் அதற்கு ஆறு வருஷம் பொறுத்திருப்பார்களா என்று கேட்கிறோம்.

கோல்ப் மைதானச் சங்கதி இதைவிட வேடிக்கை. பணக்காரர்கள் பந்தாடும் புல்தரையையும், அதைச் சுற்றியுள்ள இடத்தையும் "என்றும் பாதுகாக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துக் கழிவு வாங்கினார்கள். இது கூடாது என்று ஒபாமா சர்க்கார் தன் பட்ஜெட்டுகளில் யோசனை சொல்லியும் காங்கிரஸ் சட்டம் செய்யவில்லை. ஜார்ஜியா மாகாணத்துக் கோல்ப் மைதானம் ஒன்றின் வழக்கில், அதில் பறவைகளுக்கும் செடிகளுக்கும் இடமிருக்கிறது, சாசனம் செல்லும் என்று 2020-இல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தில் இடமிருக்கும்போது கோர்ட்டை நொந்து என்ன பயன்? மேலும், பிராணிகளுக்கும் செடிகளுக்குமாகக் காக்கப்படும் நிலத்துக்குள் பொது ஜனங்களை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. சில அபூர்வ உயிர்களுக்கு மனிதக் காலடி ஆகாது என்பது நியாயந்தான். ஆனால் வரிப் பணம் கொடுத்த ஊரார் வேலிக்கு வெளியே நிற்க, நிலத்துக்காரரின் விருந்தாளிகள் மட்டும் உள்ளே உலாவுவது எந்த உயிரைக் காக்க என்பது நமக்கு விளங்கவில்லை.

சொத்து வரிச் சலுகையிலும் இதே கதைதான். நியூஜெர்சி மாகாணத்தில் 1964-ஆம் வருஷத்துச் சட்டப்படி 5 ஏக்கர் நிலம் வைத்துக் கொண்டு, வருஷத்துக்கு 500 டாலருக்கு விளைபொருள் விற்றால் அது பண்ணை நிலமாகி வரி குறைந்துவிடும். பங்களாக்காரர்கள் கொஞ்சம் விறகும் வைக்கோலும் விற்றுவிட்டுக் குடியானவர்களாகிவிட்டார்கள். கூச்சல் கிளம்பியதால் 2013-இல் அந்த 500 டாலர் ஆயிரமாக்கப்பட்டது. பங்களாக்காரருக்கு ஆயிரம் ஒரு பெரிய காரியமா?

கலிபோர்னியாவிலோ, 1965-ஆம் வருஷத்துச் சட்டப்படி குறைந்தது பத்து வருஷத்துக்கு வயலை வயலாகவே வைத்திருப்பதாக ஒப்பந்தம் செய்தால் வரி குறையும். சுமார் ஒன்றரைக் கோடி ஏக்கர் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றது. காலத்துக்குக் கட்டுப்பட்டதால் இது ஒரு விதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் குறையும் வரி ஜில்லா போர்டுகளின் வரி. அந்த நஷ்டத்தை மாகாண சர்க்கார் ஈடு செய்து வந்து, 2009-இல் கஜானா வறண்டதும் ஏறக்குறைய அடியோடு நிறுத்திவிட்டது. சலுகை கொடுத்த பெயர் மேலே இருப்பவர்களுக்கு. குறைந்த பணத்தில் ரோட்டையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துக் கொள்ள வேண்டிய தலைவிதி கீழே இருப்பவர்களுக்கு.

"இப்படியெல்லாம் குற்றம் சொன்னால், சலுகையை அடியோடு எடுத்துவிட வேண்டுமா? எடுத்துவிட்டால் மறுநாளே வயலெல்லாம் மனையாகிவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அப்படிச் சொல்லவில்லை. நிலம் ஒரு முறை சிமெண்டாகிவிட்டால் பிறகு எந்தச் சட்டத்தாலும் வயலாகாது. ஆகவே நிலத்தைக் காக்க ஊர்ப் பணம் செலவாவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அது ஊருக்குத் தெரிந்து, அளந்து, நேராகச் செலவாக வேண்டும் என்பதே நமது வாதம்.

அதற்கும் அமெரிக்காவிலேயே வழி இருக்கின்றது. பென்சில்வேனியா மாகாணம் 1988 முதல் குடியானவர்களிடமிருந்து மனை பிரிக்கும் உரிமையை ரொக்கம் கொடுத்து விலைக்கு வாங்கி வருகிறது. எந்த வயல் நல்ல மண்ணுள்ளது, எது ஆபத்திலிருக்கிறது என்று வரிசைப்படுத்தி, விலை நிர்ணயித்து, பகிரங்கமாக வாங்குகிறார்கள். வருமானம் குறைந்தவனுக்கும் அதே விலை, கூடினவனுக்கும் அதே விலை. மத்திய சர்க்காரும் 2014-ஆம் வருஷத்து விவசாயச் சட்டப்படி இம்மாதிரி வாங்குவதற்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் இதற்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் கணக்குக் கேட்பார்கள். வரிக் கழிவுக்கோ ஒதுக்கீடும் வேண்டியதில்லை, கணக்கும் தெரிய வேண்டியதில்லை. யார் எவ்வளவு கழித்தார் என்பது வரி இலாகா இரகசியம். பிரபுக்களுக்கு இரண்டாவது வழி ஏன் அதிகம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொலராடோ மாகாணத்தின் அனுபவமும் ஒரு பாடம். வரி கட்டாத ஏழைச் சொந்தக்காரனுக்கும் பலன் கிடைக்கட்டும் என்று, விற்கக்கூடிய வரிச் சீட்டுகளை 2000-இல் அது கொடுக்க ஆரம்பித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் மதிப்பைச் சோதிக்காமல் முதலில் சீட்டைக் கொடுத்துவிட்டு, பல வருஷம் கழித்து மதிப்பு அதிகம் என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. புரட்டர்களோடு, மதிப்பீட்டுக்காரர் சொன்னதை நம்பிய யோக்கியமான குடியானவர்களும் சிக்கித் தத்தளித்தார்கள். அவர்கள் நிலத்தின் பேரில் எழுதிய சாசனம் மட்டும் நின்றது, சலுகை போயிற்று. 2008-இல்தான் மேற்பார்வைக் கமிஷன் ஏற்பட்டது.

ஆகவே, நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். நிலத்தின் மதிப்பைச் சொல்லுபவர் நிலத்துக்காரரிடம் கூலி வாங்குபவராய் இருக்கக் கூடாது. சலுகை கொடுத்த பிறகு சோதிப்பதற்குப் பதிலாகக் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டும். ஒரே நன்மைக்கு ஒரே கூலி கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்த நிலத்துக்கு, எந்த நன்மைக்காக என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பட்டயம் தெளிவில்லாத ஏழைகளின் நிலத்துக்குச் சர்க்கார் செலவிலேயே பட்டயம் தெளிவாக்கிக் கொடுக்க வேண்டும். மேலே சலுகை கொடுத்து, கீழே உள்ள ஜில்லா போர்டின் வயிற்றில் அடிக்கக் கூடாது. இவற்றைச் செய்ய மாட்டோம், சலுகை மட்டும் வேண்டும் என்பவர்களின் கவலை நிலத்தைப் பற்றியதல்ல என்று நாம் தைரியமாய்ச் சொல்லுவோம்.

நம் ஊர்களில் கட்டிடத்துக்குக் கட்டிடம், விளக்குக்கு விளக்கு, "உபயம்: இன்னார்" என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அமெரிக்கப் பிரபு காத்த காட்டின் வாசலிலும் அவர் பெயர்ப் பலகை நிற்கலாம். நிற்கட்டும். ஆனால் அந்தப் பலகையில், அவர் கட்டாமல் விட்ட வரிக்கு ஈடு கட்டிய தச்சன், பள்ளிக்கூட உபாத்தியாயினி, லாரி ஓட்டி, ஓட்டலில் தட்டுக் கழுவும் பெண் ஆகிய இவர்கள் எல்லோருடைய பெயரும் எழுதப்பட வேண்டும். அவ்வளவு பெரிய பலகைக்கு இடமில்லை என்றால், அந்தக் காட்டின் கதவையாவது அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.